ஷேடு

பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து
கம்பெனி கேட்டுக்கு ஆயிரத்து நானூறு எட்டு.
எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.

செக்கிங் மேசை.
டியூப்லைட்டுக்குக் கீழே
பனியனைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது:
ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை.
குற்றம் கண்ட இடத்தில்
சின்னதாய் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர்.

அந்தக் கண்ணோடு வெளியே வந்தால்
நடைபாதையும் துணியாகத்தான் விரிகிறது.
இங்கே கல் இரண்டைக் காணோம்: ஓட்டை.
இங்கே பேக்கரிக்காரரின் சிலிண்டர்: கறை.
மொபைல் கடை முன்னால்
பைக்குகள் மேலேறிச் சாய்ந்து நிற்க,
நாங்கள் ரோட்டில் இறங்கி
தண்ணி லாரிக்கும் மினி பஸ்ஸுக்கும் இடையே
நூலாய்ப் போய் வருவோம்.
மொத்தப் பாதையும் ரிஜெக்ட்.
அத்தனை ஸ்டிக்கருக்கு எங்கே போக.

சித்திரையில், மூன்றரை மணி வெயிலில்,
நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள்
மின்கம்பத்து நிழலில்
ஒருவர் பின் ஒருவராய் நிற்போம்.
நிழல் நகர நகர
வரிசையும் அரை அடி நகரும்.
திருப்பூரில் அவ்வளவு ஒழுங்கான வரிசை
ரேஷன் கடையிலும் கிடையாது.

ஐப்பசியில் மாநகராட்சி வந்தது.
நாற்பத்திரண்டு சுண்ணாம்பு வட்டம்,
எல்லாம் நடைபாதையின் நட்டநடுவே.
புங்கன், மகிழம்,
லேபிள் நனைந்து பெயரழிந்த ஒன்று.

மயிலாத்தாள் காஜா பட்டன் செக்சன்.
கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி.
முதல் குழிக்கு முன்னால் நிறுத்திவிட்டாள்.
"மரம் வேண்டாம்னு ஆருங்க சொன்னா?
ஒரு மொழம் அக்கட்டால வையுங்க.
எம்பட வண்டி போகோணும்."

இன்ஜினியர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு குனிந்தார்.
இத்தனை வருஷத்தில் அன்றுதான்
ஒரு டேப் அவள் வண்டியை அளந்தது.

குழிகள் ரோட்டோரம் போயின.
போனதும் ஒன்று நடந்தது.
பைக்குகளுக்கு மேலேற வழியில்லை.
யாரும் அதைத் திட்டமிட்டதாகத் தெரியவில்லை.

ஆனியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று.
கன்றுகள் எல்லாம் கிழக்கே படுத்தன.
ஊன்றுகோலில் கட்டிய நைலான் கயிறு
பட்டையை அறுத்துக்கொண்டிருந்தது.

கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு
ஒரு மூட்டை துணி எடுத்து வந்தேன்.
ஏற்றுமதிக்குப் போக வேண்டிய நீலம்,
ஷேடு சேரவில்லை என்று கழித்தது.
எங்களுக்கு ஷேடு என்றால் நிறம்.
நிழல் என்றும் சொல்வார்களாம்.
இங்கே அப்படி யாரும் கேட்டதில்லை.

ஒடிசாக்காரன் சுதாம் கட்டினான்,
எட்டுப்போல் ஒரு முறுக்கு முறுக்கி,
விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தி.
மரத்துக்கு அவன் மொழியில் "கச்ச" என்றான்.
எனக்குக் கச்சை என்று கேட்டது.
நீலக் கச்சை கட்டி
தெரு முழுக்க நின்றன.

போர் தண்ணி உப்பு, கருகிவிடும்.
ஷிப்டு முடிந்து
குடித்து மிஞ்சிய பாட்டில் தண்ணியை
ஆளுக்கொரு கன்றுக்கு ஊற்றினோம்.
சிலர் ஊற்றவில்லை.
பேக்கரிக்காரர் டீ கிளாஸ் கழுவின தண்ணியை
ஊற்றினார். அவர் கடை முன்னால் நிற்பதுதான்
எல்லாவற்றிலும் உயரம்.

கேபிள் குழிக்கு ஐந்து.
ஆடுகளுக்கு நான்கு.
போர்டு மறைகிறதென்று ராத்திரியில் மூன்று.
ஒன்றுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை,
வேர்வரை கிளறிப் பார்த்தும்.
மிச்சம் இருபத்தொன்பது.
இந்தச் சேதக் கணக்கோடு ஒரு லாட்டை
நான் பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்.

மறுபடி சித்திரை. மறுபடி மூன்றரை.
மின்கம்பத்து வரிசையில்
ஆள் குறைந்ததாகச் சொல்ல முடியாது.
புங்கனின் நிழல்
ஒரு பனியனை விரித்த அகலம்,
அதிலும் நடுநடுவே வெயில் ஓட்டை.

மயிலாத்தாள் அங்கே வண்டியை நிறுத்தினாள்.
அவள் தலை வெயிலில். மடி வெயிலில்.
கைப்பிடி மட்டும் உள்ளே.

வழக்கமாகச் சுற்றியிருக்கும் ஈரத்துணியை அவிழ்த்து
வெறுங்கையால் தொட்டுப் பார்த்தாள்.
"இங்க வந்து புடிச்சுப் பாரு," என்றாள்,
"இரும்பு சுடுலே."